ஒரு சாண் உயரம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பூனை எழுதுவது. நீயும் அண்ணியும் வாண்டுகள் இரண்டும் சுகமா? உன் வண்டியும் சுகமா? வண்டியைக் கடைசியில் விசாரித்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் 'ம்' போடுகிறேன். வைத்த பிறகுதான் சொல்ல நினைத்ததெல்லாம் ஞாபகம் வருகிறது. எழுத உட்கார்ந்தால் எனக்கு வாய் வருகிறது. நீயும் நாலு வரியாவது பதில் எழுது. பேசுகிற மாதிரியே எழுது, போதும்.

வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வாகனப் பரிசோதனை நிலையம் என்றதும் பெரிய கட்டடமாக நினைத்துவிடாதே. நீளமான தகரக் கொட்டகை. மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும், ஆள் இறங்கி நின்று வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பதற்கு ஒரு பள்ளம். இரண்டாம் வரிசைப் பள்ளம் என்னுடையது. லாரிக்காரர்கள் குனிந்து பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்று கேட்கிறார்கள். "நான்தான்" என்று சொல்ல முதல் வாரம் முழுக்க எனக்குக் குரல் எழும்பவில்லை. டார்ச்சை ஆட்டிக் காட்டுவேன். அதிகாரி எனக்கு 'மௌனசாமி' என்று பெயர் வைத்துவிட்டார். கேலிதான், கெட்ட மனிதர் இல்லை.

தங்கியிருக்கும் அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு மேஜை. மேஜையின் ஒரு கால் குட்டை. அதற்கடியில் கல்லூரிப் பாடப்புத்தகம் ஒன்றை வைத்திருக்கிறேன். நம் வீட்டின் முதல் பட்டப்படிப்பு இப்படியும் பயன்படுகிறது.

அண்ணி அனுப்பிய படம் பார்த்தேன். டயரே உன் இடுப்புக்கு வருகிறதே! எவ்வளவு உயர்த்தியிருக்கிறாய்? அண்ணி அதில் எப்படி ஏறுகிறார்?

அன்புடன்,
பூனை


ஜூன் 15

பூனைக்குட்டிக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. உங்க அண்ணி ரெண்டு தடவை சத்தமாப் படிச்சா. "உங்க தங்கச்சிக்கு இவ்ளோ பேச வருமா?"ன்னு ஆச்சரியம் அவளுக்கு. எல்லாரும் நல்லா இருக்கோம். பெரியவனுக்குப் பல்லு விழுந்துச்சு. சின்னவ அத தூக்கிட்டு ஓடிட்டா, இன்னும் கிடைக்கல.

ஜீப்ப ஒரு சாண் உயர்த்தியிருக்கேன். உன் சாண் இல்ல, என் சாண். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவுல இரும்புக் கட்டை, பாடிக்குக் கீழ இன்னொரு கட்டை, அப்புறம் பெரிய டயர். கூரை மேல லைட்டு, ஸ்டெப்னி, கயிறு, தார்ப்பாய், டீசல் கேன். முன்னாடி, சேத்துல மாட்டினா இழுக்க கம்பிவடம் சுத்துற மோட்டார்.

ஷோவுக்குப் பண்ணியிருக்கான்னு நினைப்பே. நிறைய பேரு ஷோவுக்குத்தான் பண்றான். சேறு படாமக் கழுவித் துடைச்சு, டீக்கடை வாசல்ல நிறுத்திப் படம் எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவான். எனக்குப் பொழப்பே இதுல இருக்கு. மேட்டுக் குடியிருப்புக்குப் போற வழியில ஓடை இருக்குல்ல, அதோட பாலம் போன வருஷ மழையில அடிச்சிட்டுப் போயிடுச்சு. இப்ப அதத் தாண்டுற வண்டி என்னோடது ஒண்ணுதான். மருத்துவ நிலையத்து நர்ஸக்கா வாரத்துக்கு ரெண்டு நாள் மருந்துப் பெட்டியோட என் வண்டியிலதான் போறாங்க. போன வாரம் வலி வந்த ஒரு பொண்ணக் கீழ கொண்டாந்தோம். தண்ணி கதவுக்கு வந்துடுச்சு. "அக்கா, கண்ண மூடிக்குங்க"ன்னேன். "நீ மூடாம இருந்தாப் போதும்டா"ன்னாங்க. பொண்ணு பொறந்திருக்கு.

நர்ஸக்கா குள்ளம். ஏற முடியாம கதவப் பிடிச்சு ஊஞ்சலாடுவாங்க. அவங்களுக்குன்னு ஒரு இரும்புப் படி வெல்டிங் பண்ணி வச்சிருக்கேன். உங்க அண்ணி படி இருந்தாலும் ஏற மாட்டா.

அடுத்த மாசம் வண்டிக்கு ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் முடியுது. கட்டையெல்லாம் கழட்டி பழைய டயர மாட்டிக் கொண்டாரணும். ஒரு பகல் வேலை. ஸ்கூலுக்குப் போற பையனாட்டம் வண்டிக்கு யூனிஃபார்ம் போட்டுவிடுறது. பாஸானதும் வீட்டுக்கு வந்து கழட்டி எறிஞ்சுட்டு பழையபடி ஏத்திக்க வேண்டியதுதான். இந்தப் பக்கம் எல்லா ஷெட்லயும் இதான் வழக்கம். உங்க சென்டருக்கே வரேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் பள்ளத்துக்குள் உட்கார்ந்து படித்தேன். யூனிஃபார்ம் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள். ஒரு நோட்டின் மேல் படுக்கவைத்து நோட்டை மெதுவாகச் சாய். பெட்டி சறுக்குமே தவிரக் கவிழாது. இப்போது அதையே நிற்கவைத்துச் சாய்த்துப் பார். உன் வண்டியை நீ நிற்கவைத்திருக்கிறாய். கூரை மேல் டீசலும் ஸ்டெப்னியும் வேறு ஏற்றியிருக்கிறாய்.

ஓடையைத் தாண்ட உயரம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பாறையில் அடி இடிக்காமல் போகவும் உயரம் வேண்டும். அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்ததைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வண்டி ஓடைக்குள் இருப்பது இரண்டு நிமிஷம். வீட்டிலிருந்து ஓடை வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர் தார் ரோடு. அந்த இரண்டு நிமிஷத்துக்காக மீதி வழி முழுக்க நீ தீப்பெட்டியை நிறுத்திவைத்து ஓட்டுகிறாய்.

இன்னொன்று. டயரைப் பெரிதாக்கினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். அது ஐம்பது என்று காட்டும்போது நீ அறுபதில் போய்க்கொண்டிருப்பாய். பிரேக்கோ பழைய டயருக்குச் செய்த பிரேக்.

பாதி உயரம் போதும், அண்ணா. கூரையில் எதுவும் வேண்டாம். ஒரு அளவு சின்ன டயர் போடு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஓடையை அப்போதும் தாண்டலாம், தண்ணீர் அதிகமாக வரும் சில நாட்களைத் தவிர.

ஃபிட்னஸுக்கு இங்கே வராதே. உறவினர்களின் வண்டியை நாங்கள் சோதிக்கக் கூடாது என்பது விதி. நீ வந்து நின்றால் அதிகாரியிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. என்னை உனக்குத் தெரியும்.

அன்புடன்,
பூனை


ஜூலை 20

பூனைக்குட்டிக்கு,

கோவமா இருப்பேன்னு தெரியும். வேற சென்டர்ல இருபது நாள் கழிச்சுத்தான் தேதி குடுத்தான். அதுவரைக்கும் மேல யாரு போறது? அதான் வந்தேன். உன் வரிசை வேணும்னு நான் கேக்கல. டோக்கன் அப்படி விழுந்துச்சு.

நீல கோட்டுப் போட்டு, டார்ச்ச வச்சுக்கிட்டுப் பள்ளத்துல நின்னியே, அப்பா பாத்திருக்கணும். லாரிக்காரன் ஒருத்தன் உன்னைப் பாத்து பீடிய அணைச்சான். எனக்குப் பெருமை தாங்கல. யார்ட்டயாவது என் தங்கச்சின்னு சொல்லணும் போல இருந்துச்சு, வாயக் கட்டிட்டு நின்னேன். உன் டார்ச்சு ஒரே இடத்துல ரொம்ப நேரம் நின்னுச்சு. உங்க ஆபீசர், "என்னம்மா, ஓகேவா?"ன்னாரு. நீ தலைய ஆட்டின. "மௌனசாமி சம்மதிச்சாச்சு, அடுத்த வண்டி!"ன்னு கத்தினாரு. எனக்குச் சிரிப்பு. நீ மட்டும் சிரிக்கல.

மறுநாள் சாயங்காலமே கட்டையும் டயரும் மாட்டியாச்சு.

நர்ஸக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பயந்த சுபாவம். "இந்த உயரத்துல உக்காந்து எதுக்குப் போறே"ன்னு அக்காவ தினம் நச்சரிச்சுட்டு இருந்தாரு. ஃபிட்னஸ் பேப்பர் ஜெராக்ஸ அவர் கையில குடுத்தேன். "பாருங்க சார், எஞ்சினியர் கையெழுத்து, என் சொந்தத் தங்கச்சி"ன்னேன். ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் அவரே பெட்டியத் தூக்கி வண்டியில வச்சுட்டு, அக்கா ஏறக் கை குடுத்தாரு. "ஒரு கையெழுத்துல என் வீட்டுக்காரர் வாய அடைச்சுட்டா உன் தங்கச்சி"ன்னு அக்கா ஒரே சிரிப்பு.

பாத்தியா, உன் கையெழுத்துக்கு எவ்வளவு மரியாதைன்னு.

அண்ணன்


ஜூலை 29

அன்புள்ள அண்ணனுக்கு,

டார்ச் வெளிச்சம் நின்ற இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அச்சு முழுவதும் சேறும் கிரீஸும் காய்ந்து கறுப்பாக இருந்தது. ஸ்பிரிங் உட்காரும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று இருந்தது. கட்டை அங்கேதான் உட்கார்ந்திருந்தது. போல்ட் தலைகளில் ஸ்பேனர் உரசிய புதுத் தடம். எந்த ஆய்வாளரும் அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார். நீ எழுதாமல் இருந்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும்.

'இது என் அண்ணன் வண்டி சார்.' ஐந்தே வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அதிகாரி வேறு ஆளை இறக்கியிருப்பார். நானோ தலையை ஆட்டினேன். மேலே ஏறி வந்து கையெழுத்துப் போட்டேன்.

கண்டக்டரிடம் அந்தத் தாளை நீ காட்டியிருக்கக் கூடாது, அண்ணா. நான் கையெழுத்துப் போட்ட வண்டி வேறு. அவர் மனைவி ஏறுகிற வண்டி வேறு. இது நம் இரண்டு பேருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். கட்டையைக் கழற்று. இல்லையென்றால் அவரிடம் போய் உண்மையைச் சொல். ஏறுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவுசெய்யட்டும்.

பூனை


ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

பள்ளத்துல நின்னு பாக்குறவளுக்கு வண்டியோட அடிதான் தெரியும். அது எங்க போகுது, யாருக்காகப் போகுதுன்னு தெரியாது.

மேல நாப்பது வீடு இருக்கு. கட்டையக் கழட்டிட்டா மருந்துப் பெட்டிய நீ வந்து தலையில சுமப்பியா? 'சில நாட்களைத் தவிர'ன்னு எழுதியிருக்கே. அந்தச் சில நாள்லதான் அங்க யாருக்காச்சும் வலி வரும். உன் கணக்குல அதுக்கு இடம் இருக்கா?

கண்டக்டர்ட்ட சொல்லச் சொல்றே. சொல்லி, நல்லா இருக்கிற மனுஷன் வயித்துல புளியக் கரைக்கச் சொல்றியா? பாலம் போனதுலேர்ந்து ஒரு கீறல் இல்லாம ஓட்டுறேன். நான் என்ன பச்சப்புள்ளையா?

இவ்ளோ படிக்க வச்சேன். அது என்னையே மடக்கத்தான்னு அப்பத் தெரியல.

மழை முடியட்டும். பாலம் போட்டதும் நானே இறக்கிடறேன். அதுவரைக்கும் இதப் பத்தி எழுதாதே.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வண்டி கவிழ்ந்ததை அண்ணி போனில் சொன்னார். நான் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. அவர் "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? பின்சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்களாம். நர்ஸக்காவைப் பற்றிக் கேட்டேன். அண்ணி அழுதுவிட்டார். அதிலேயே தெரிந்துவிட்டது.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு மூன்று முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். மேலே நாற்பது வீடு என்றாய். மழை முடியட்டும் என்றாய். சரிதானே என்று எனக்கும் தோன்றிவிட்டது. அதுதான் என் தப்பு. உன் தலையில் போட நான் இதை எழுதவில்லை.

என்ன நடந்தது என்று நீயே எழுது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்க முடியவில்லை.

பூனை


செப்டம்பர் 11

பூனைக்குட்டிக்கு,

வலது தோள் கட்டுல இருக்கு. இடது கையால எழுதறேன்.

மலையில நடக்கல. ஓடையிலயும் நடக்கல. தார் ரோட்டுல. மழைகூட இல்ல. மேல வேலையெல்லாம் முடிச்சு, தண்ணியத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாச்சு. "இனிமே பயமில்ல"ன்னு அக்கா ஃபிளாஸ்க்கத் திறந்து டீ ஊத்திக் குடுத்தாங்க. மரக்கடை வளைவுல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. முள்ளு அம்பதுலதான் இருந்துச்சு. ஸ்டீரிங்க லேசாத்தான் ஒடிச்சேன். வண்டி வழுக்கல, இழுக்கல. அப்படியே எந்திரிச்சு ஒரு பக்கமாப் படுத்துச்சு. நீ எழுதினியே தீப்பெட்டி, அதே மாதிரி. அக்கா இருந்த பக்கம்.

நாய் நின்னு பாத்துட்டுப் போச்சு.

ஜாமீன்ல இருக்கேன். இப்ப நான் சொல்றத நல்லாக் கேளு. விசாரணை அதிகாரி உன்கிட்ட வருவாரு. ஒரே ஒரு வரி சொல்லு. 'சோதனை அன்னைக்கு வண்டி சரியா இருந்துச்சு, அப்புறம் மாத்தினது எனக்குத் தெரியாது.' அவ்ளோதான். முதல் பாதி உண்மை. மறுபாதிய நான் எழுதிக் குடுத்து கையெழுத்தும் போட்டுட்டேன், தங்கச்சிக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. நான் எப்படியும் உள்ளதான் போகணும். அதுல மாத்தம் இல்ல. நீயாவது வெளிய இரு. நம்ம குடும்பத்துல ஒருத்தராவது மேஜை போட்டு உக்காந்து வேலை பாக்கணும்.

உன் லெட்டர் எல்லாத்தையும் அடுப்புல போட்டுட்டேன். என்னோடத நீ போட்டுடு. இதையும் சேத்து.

அண்ணன்


செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

திங்கட்கிழமை கண்டக்டர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஜன்னலில் அந்தத் தாளை நீட்டி, "இந்தக் கையெழுத்து யாருதுங்க?" என்று கேட்டார். அதிகாரி, "அதெல்லாம் எழுதிக் குடுத்துக் கேக்கணுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். தலை நிமிரவில்லை.

அவர் போகவில்லை. வெளியே ஓட்டுநர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். அவர் அங்கேயே இருந்தார். நான் எழுந்து போனேன்.

"அது என் கையெழுத்துங்க."

"நீங்கதான் தங்கச்சியா?"

"ஆமாங்க."

திட்டுவார் என்று நின்றேன். "உக்காரும்மா" என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டார். அது திட்டுவதைவிடப் பெரிதாக இருந்தது.

"அன்னைக்கு வண்டி எப்படி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு."

நீ சொல்லிக்கொடுத்த வரியின் முதல் பாதி அதோடு முடிந்தது. அவர் தாளை முழங்கால் மேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

"மறுபடி உயர்த்துவாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

அவர் தலையை இரண்டு முறை ஆட்டினார். "நான்தான் அவளுக்குக் கை குடுத்து ஏத்திவிட்டேன்" என்றார். "பஸ்ஸுல எவ்வளவு கூட்டம் இருந்தாலும், எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் நான் டிக்கெட் கிழிப்பேன். இந்தத் தாள மட்டும் ஒண்ணும் கேக்காம நம்பிட்டேன்." பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். தாளை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே விசாரணை அதிகாரிக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீ என் அண்ணன் என்பதை மறைத்தது, அந்தப் பளிச்சென்ற இரும்பு, தலையாட்டியது எல்லாம் எழுதினேன். நீ மறுபடி உயர்த்துவாய் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். உன் கடிதங்களைக் கேட்டார். நான்கையும் கொடுத்துவிட்டேன்.

உன் வாக்குமூலத்தில் ஒரு வரி பொய் என்று என்னுடையது சொல்லும். அதனால் உனக்கு இன்னும் எவ்வளவு கூடும் என்று எனக்குத் தெரியவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். திரும்ப எடுக்க மாட்டார்கள் என்று எங்கள் நிலையத்து அதிகாரி சொன்னார். இந்த முறை அவர் என்னைக் கேலி செய்யவில்லை.

எனக்காக நீ சொன்ன பொய்யில் நான் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது, அண்ணா. உன்னைத் தண்டிக்க இதைச் செய்யவில்லை. அதை மட்டும் நம்பு. வேறு எதையும் நம்ப வேண்டாம்.

பூனை


அக்டோபர் 6

லெட்டர் வந்துச்சு. உங்க அண்ணி படிக்க ஆரம்பிச்சா. பாதியில எந்திரிச்சுப் போயிட்டா. மீதிய நான் படிச்சேன்.

விசாரணை அதிகாரி என் லெட்டர மேஜையில பரப்பி வச்சு, விரல் வச்சு வரி வரியாப் படிச்சாரு. பெரியவனுக்குப் பல்லு விழுந்தது வரைக்கும் படிச்சாரு. நம்ம வீட்டுப் பேச்ச அந்த ரூம்ல இருந்த அஞ்சு பேரும் கேட்டாங்க.

நம்ம வீட்டுக்கு யாராச்சும் வந்தா நீ கதவுக்குப் பின்னாடி போய் நிப்பே. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது டீச்சர் உன் பேரக் கேட்டாங்க, நான் சொன்னேன். காலேஜ்லயும் நான்தான் உள்ள போய்ப் பேசினேன். பள்ளத்துல நின்னப்போ அஞ்சு வார்த்தை வரல உனக்கு. இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு வாய்?

நீ பண்ணது தப்புன்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுத வரல. சரின்னு எழுதவும் கை வரல.

கண்டக்டர் வீட்டு வழியா இப்ப நான் போறதில்ல. சுத்திப் போறேன். உன் பட்டம் வாங்கின படம் கூடத்துல மாட்டியிருக்கு. அந்தப் பக்கமும் இப்ப பாக்குறதில்ல.

பத்தொம்பதாம் தேதி கோர்ட்டு. சாட்சிக்குக் கூப்பிட்டா வந்துதான் ஆகணும். வந்தா, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போயிடு. என் பக்கம் வந்து நிக்காதே.

இனிமே லெட்டர் போடாதே. போட்டாப் படிச்சிடுவேன். அதனாலதான் சொல்றேன்.

அண்ணன்